பதினேழாம் பிரிவின்படி

ஏப்ரல் 3

அண்ணா,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. அதை நீ கண்டுபிடித்துக் குத்திக் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் பூமியை விட்டுக் கிளம்பி நூறு நாள் ஆகிவிட்டது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும். நாங்கள் விலகிப் போகப் போக அந்தப் பத்தும் ஏறும். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

கப்பல் இப்போது அவர் கையில் இல்லை.

போன மாத நடுவில் அவருக்கு மார்பில் சளி கட்டிக் கடுமையான காய்ச்சல். புதுக் கோளில் குடியேற மருந்தில் தூங்கிக்கொண்டு வருகிற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சுவாசிப்பது நாங்கள் சுவாசிக்கும் அதே காற்றைத்தான். ஒரு டாக்டராக நான் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். நோயறையில் அவரைத் தனியாகப் போட்டு ஐந்து நாள் பூட்டினேன். "நல்ல காரியம் பண்ணினீங்க டாக்டரம்மா, யார் கெஞ்சினாலும் வெளியே விட்டுடாதீங்க" என்று சொன்னவர், ஒப்பந்தம் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளக் கூட வருகிற ஒப்பந்தப் பிரதிநிதி. "பணிக்கூடத்துக்கு வரும் நிலையில் இல்லை" என்று ஒரு சான்றிதழும் கேட்டார். கொடுத்தேன்.

தினமும் காலை எட்டு மணிக்குப் பணிக்கூடத்தில் பிரதிநிதி "கப்பல் யார் பொறுப்பில்?" என்று கேட்க வேண்டும், கேப்டன் "என் பொறுப்பில்" என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் கப்பல் பிரதிநிதி கைக்குப் போகும். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீ எழுதிய பதினேழாம் பிரிவுதானே. முதல் மூன்று நாளும் அவர் நோயறையிலிருந்து ஒலிபெருக்கியில் பதில் சொன்னார். இருமலோடு எல்லோருக்கும் கேட்டது. நாலாம் நாள் காலை பிரதிநிதி ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நேரில் என்று போட்டிருக்கிறது" என்றார். எங்கள் மேஸ்திரி, எஞ்சின் பொறுப்பாளரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், சிரித்தேவிட்டார். "ஏங்க, வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டா உள்ளேருந்து குரல் குடுத்தா பத்தாதா?"

பிரதிநிதியும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு என் சான்றிதழை மேஜையில் வைத்தார். எஞ்சின் பூட்டும் கட்டளைப் பலகையும் பொறுப்பாளரின் கைரேகைக்குத்தான் திறக்கும். அவருடைய ரேகையை அழித்துப் பிரதிநிதியுடையதைப் பதிந்தது நாங்களே. ஒப்பந்தத்தை மீறினோம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தோம்.

அவர் எழுந்து நடமாடிப் பத்து நாளாகப் போகிறது. பொறுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. "பயணம் முடியும் வரை" என்று எழுதியிருக்கிறதாம்.

நீ எழுதியதை எப்படி அவிழ்ப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். அலுவலகச் செய்திகள் எல்லாம் பிரதிநிதி கை வழியாகப் போகின்றன. குடும்பக் கடிதங்களை மட்டும் அவர் தொடுவதில்லை. தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு எழுத்தையும் அவர் மீறுவதில்லை. எனக்குப் பயமே அதனால்தான்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். "அவர்" எட்டு முறை வருகிறது. "அம்மா" ஒரு முறைகூட இல்லை. போகட்டும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் நீ இல்லை. அவர் இருக்கிற இடத்தில்தான் நீ இருப்பாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்வது என் தொழில். அதாவது, தொழிலாக இருந்தது. இப்போது நான் தரைக்குக் கீழே ஒரு அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய ஒப்பந்தங்களில் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். தலைக்கு மேலே கழிவுக் குழாய். மேல் மாடியில் யார் எப்போது கை கழுவுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக இந்த ஞானம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் துறைமுகத்தில் சரக்குக் கதவுக்கு நடுவே மூன்று தொழிலாளிகள் நசுங்கிச் செத்தார்கள். கதவை மூடச் சொன்னவர் உன் கணவர். விசாரணையில் அவர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "மூடலாம்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்துச்சு. மூடினேன்." நாலே நாலு சொல். அவருக்குக் கேப்டன் தொப்பி வந்தது. எழுதியவனுக்குக் குழாய் வந்தது. அந்தக் கூடத்தில் நீ அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு உன் கைப்பையைப் பார்த்தாய்.

இப்போது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். மாப்பிள்ளைக்குக் கசக்கிறது.

"நேரில்" என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு கப்பலில் கேப்டன் அறைக்குள் செத்துக் கிடக்க, உதவியாளர்கள் அவருடைய பழைய குரல்பதிவை ஓட்டி நாற்பது நாள் "என் பொறுப்பில்" சொல்ல வைத்தார்கள். ஆகவே குரல் போதாது. நலமானவுடன் பொறுப்பு திரும்பும் என்று எழுதினால், நலமாகிவிட்டார் என்று யார் தீர்மானிப்பது? மனைவியா? அதனால் "பயணம் முடியும் வரை". அந்தப் பிரிவில் ஓட்டை இல்லை. என் வேலையில் ஓட்டை இருந்ததாக விசாரணையில்தான் சொன்னார்கள், படித்தவர்கள் சொன்னதில்லை.

ஒரே ஒரு வழி வைத்திருக்கிறேன். பொறுப்பேற்றவர் ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்ட ஆளே அல்ல என்று, தரையிலிருந்து இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்து எழுதி அனுப்ப வேண்டும். அது ஊழியர்கள் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டால் அந்த நிமிடமே அவர் பொறுப்பு செல்லாது. ஆனால் உங்கள் பிரதிநிதி உங்கள் பிரதிநிதிதானே. அந்தக் கதவு உங்களுக்கானதல்ல.

மாப்பிள்ளை ஓய்வெடுக்கட்டும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணா,

நேற்று உன் கடிதம் வந்தது. அம்மா செத்த அன்று நான் ஏன் வரவில்லை என்று நாலு வருஷமாக நீ கேட்கவே இல்லை. தீர்ப்பு மட்டும் சொல்லியிருக்கிறாய். நான் சுற்றுப்பாதை மருத்துவமனையில் பணியில் இருந்தேன். கீழே இறங்கும் வண்டி வாரத்துக்கு ஒன்று. அது முந்தின நாள் போய்விட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

கைப்பையைப் பார்த்தது உண்மை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னது தப்பு என்று எனக்கு அன்றே தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னேன். கூடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இந்தப் பிரதிநிதியைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நல்ல மனிதர் மாதிரியே இருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் கடைசியாக உட்காருவார். தன் தட்டைத் தானே கழுவுவார். ஒவ்வொரு உத்தரவுக்கும் பின்னால், "தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்பார். நாங்களும் முட்டாள்கள் மாதிரித் திருத்திக்கொண்டே இருந்தோம். எஞ்சின் அறையில் எந்த வால்வுக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்வார், மேஸ்திரி திருத்துவார். இப்போது மேஸ்திரியைவிட நன்றாகத் தெரிகிறது. "என் வாயைத் தோண்டியே கிணறு வெட்டிட்டான் மனுஷன்" என்கிறார் மேஸ்திரி.

இன்னொன்று. முந்தாநாள் மேஜையில் யாரோ ஒப்பந்தத்தில் காற்புள்ளி எங்கே போட்டால் என்ன என்றார்கள். பிரதிநிதி சொன்னார்: "காற்புள்ளிங்கிறது தாழ்ப்பாள் மாதிரிங்க. வீடு சின்னதோ பெருசோ, திருடன் அதைத்தான் முதல்ல பார்ப்பான்." நான் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். அண்ணா, அது உன் வாக்கியம். அம்மாவிடமும் என்னிடமும் நீ சொல்லிச் சலித்த வாக்கியம். வேறு ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. அவருக்கு அது எங்கே கிடைத்தது?

தூங்குகிறவர்களின் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டையும். எதற்கு என்று கேட்டேன். "பொழுது போக" என்றார்.

தங்கை


மே 14

தங்கைக்கு,

சில கேள்விகள். தொழில்முறைக் கேள்விகள், வேறு எதுவும் நினைக்க வேண்டாம்.

பிரதிநிதியின் வயது என்ன இருக்கும்? மூக்குக்கண்ணாடி அணிகிறாரா? இடது காது முழுதாக இருக்கிறதா? யாராவது பேசும்போது, தான் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட, கட்டை விரலால் புருவத்தைத் தடவிக்கொள்ளும் பழக்கம் உண்டா?

அந்தத் தாழ்ப்பாள் வாக்கியம் எங்கள் அலுவலகத்தில் பலரும் சொல்வது. நான் மட்டும் சொன்னதாக நினைத்துக்கொள்வது உன் அன்பு.

கீழே இறங்கும் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது.

உன் கணவரின் மார்பு எப்படி இருக்கிறது?

அண்ணன்


மே 30

அண்ணா,

இன்று காலை உன் கடிதம் வந்தது. உடனே எழுதுகிறேன்.

வயது நாற்பதுக்குள். கண்ணாடி இல்லை. இடது காதில் கீழ்ச்சதை இல்லை. சின்ன வயதில் நாய் கடித்தது என்றார். புருவத்தைத் தடவுவார், கட்டை விரலால்தான்.

நான் உனக்குக் காதைப் பற்றி எழுதவில்லை. எழுதவில்லை என்று நிச்சயமாகத் தெரியும், பிரதி வைத்திருக்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்?

சரி, அது இருக்கட்டும். அவன் (இனி "ர்" போட என்னால் முடியவில்லை) எதற்குப் படித்தான் என்று தெரிந்துவிட்டது. தூங்குகிறவர்கள் ஒவ்வொருவரும், ஆபத்துக் காலத்தில் பொறுப்பாளர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இறங்கி அங்குள்ள வேலையைச் செய்வதாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கேப்டன் நோய்ப்பட்டதே ஆபத்துக் காலமாம். என் சான்றிதழைத்தான் அதற்கும் காட்டுகிறான். கப்பலைச் சுரங்கக் கோளுக்குத் திருப்பப் போகிறான். அங்கே காற்றை அளந்து கொடுப்பார்கள். நேற்று விட்ட மூச்சுக்கு இன்று வேலை செய்ய வேண்டும். ஆள் கிடைக்காமல், கொண்டு வருகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை கொடுக்கிற இடம். இவர்கள் விவசாயம் செய்யப் போவதாக நினைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். அதில் தொண்ணூறு பேர் குழந்தைகள்; அவர்களுக்காகப் பெற்றவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

அவர் நேற்று எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசினார். அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது.

ஜூலை 6ஆம் தேதி எஞ்சினை முழு வேகத்தில் எரியவிட்டுத் திசை மாற்றப் போகிறான். அதற்குப் பிறகு திரும்ப எரிபொருள் இல்லை. இப்போது கணக்கைப் பார். இந்தக் கடிதம் உனக்கு ஜூன் 15இல் கிடைக்கும். நீ அன்றே எழுதினால் பத்தொன்பது நாளில், ஜூலை 4இல், எங்களுக்கு வரும். இரண்டு நாள் மிச்சம்.

நீ என்ன செய்திருந்தாலும் சரி. அதை எழுது. தங்கச்சியாகக் கேட்டால் உனக்குப் பழைய கணக்கெல்லாம் நினைவுக்கு வரும். இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் டாக்டராகக் கேட்கிறேன்.

அவருடைய மார்பு பரவாயில்லை. நீ கேட்டதாகக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே கதவருகே நடந்து வந்தார். பிறகு, "மச்சான்கிட்ட அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

தங்கை


ஜூன் 23

கப்பலின் ஊழியர்கள் முன்னிலையில் படிக்கப்பட வேண்டியது:

உங்கள் கப்பலில் ஒப்பந்தப் பிரதிநிதி என்று இருப்பவர் ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் அல்லர். குறிக்கப்பட்டவர் இந்த ஊரில், தன் வீட்டில், உயிரோடு இருக்கிறார். அவர் பயணத்தை ரத்து செய்து அனுப்பப்பட்ட அலுவலகக் கடிதம் போலியானது. அதை எழுதியவன் நான். இதை என் கையெழுத்தோடும், அவர் கையெழுத்தோடும், இரண்டு சத்தியச் சாட்சிகளாகப் பதினேழாம் பிரிவின்படி அனுப்புகிறேன்.

இனி உனக்கு மட்டும்.

போன நவம்பரில் என் பக்கத்து அறைக்கு ஒருவன் குடிவந்தான். அரைக் காது. ஒப்பந்தம் எழுதப் படிக்கிறேன், சந்தேகம் கேட்கலாமா என்றான். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் சந்தேகம் கேட்ட முதல் ஆள். எதையாவது தப்பாக எழுதிக்கொண்டு வருவான். "தப்பா இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்." நான் திருத்துவேன். தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது என்று அவன் முதல் நாளே கண்டுகொண்டிருக்க வேண்டும். பதினேழாம் பிரிவைக் கேப்டன் தப்பிக்கும் விதமாகவே திரும்பத் திரும்ப விளக்குவான். நான் அவர் தப்பிக்க முடியாது என்று விளக்கினேன். எவ்வளவு சந்தோஷமாக விளக்கினேன் தெரியுமா.

டிசம்பரில் அவன் சொன்னான்: பிரதிநிதி ஏறாமலே கப்பல் கிளம்பினால் கேப்டன் மேல் விசாரணை வருமே, சார். வரும் என்றேன். அப்படி ஒரு ரத்துக் கடிதம் எப்படி இருக்கும் என்று விளையாட்டுக்கு எழுதிக்கொண்டு வந்தான். ஏழு பிழை. நான் திருத்தினேன். பிறகு அது திருத்தம் நிறைந்து அசிங்கமாக இருந்ததால் நானே சுத்தமாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். உன் கணவர் விசாரணைக் கூடத்தில் நிற்பதை ஒரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பிரதிநிதியின் பெயரில் அவனே ஏறுவான் என்று நினைக்கவில்லை.

நீ காதைப் பற்றி எழுதிய பிறகுதான் எனக்கு உறுதியானது. உண்மையான பிரதிநிதியின் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் பெரிய கண்ணாடிக்காரர் என்று பெயர். வாசலில் நிற்க வைத்தே கேட்டார். "ஆறு மாசமா எனக்கு என்ன குறைன்னு யோசிச்சுட்டு இருந்தேன்யா. ஏன் என்னை இறக்கிட்டாங்கன்னு." கையெழுத்துப் போட்டார். நாளை என்னை அழைத்துப் போக ஆட்கள் வருகிறார்கள்.

இது நேரத்துக்கு வருமா என்று தெரியவில்லை.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

நேற்று வந்தது. ஆறாம் தேதியே எஞ்சினை எரியவிட்டுத் திசை மாற்றிவிட்டான்.

அன்று காலை மேஸ்திரி கதவை உடைத்து அவரை வெளியே விட்டார். எரிபொருள் வால்வைக் கையால் மூட எஞ்சின் சந்துக்குள் அவர் இறங்கினார். மேஸ்திரியை வர விடவில்லை. எஞ்சினை எரியவிடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவன் கொடுத்தான். மூன்று முறை, ஒலிபெருக்கியில், அவரைப் பெயர் சொல்லி, மரியாதையாக. "கேப்டன் சார், வெளியே வந்துடுங்க. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு." வால்வு பாதி மூடியிருந்தது. அவர் வரவில்லை. மேஸ்திரி போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்.

உன் கடிதத்தைப் பணிக்கூடத்தில் படித்தேன். பதினேழாம் பிரிவின்படி. அவன் நின்றுகொண்டு கேட்டான், கட்டை விரலால் புருவத்தைத் தடவிக்கொண்டே. படித்து முடித்ததும் தானே போய்க் கட்டளைப் பலகையில் தன் ரேகையை அழித்தான். அறைகளின் சாவிக் கொத்தை என் முன்னால் வைத்தான். "உங்க அண்ணன் எழுத்துல ஒரு தப்பும் இல்ல டாக்டரம்மா. ஒரு வாரம் முந்தி வந்திருக்கலாம்." மேஸ்திரி அவனை அடித்தார். யாரும் தடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் அதற்குப் பிரிவு இல்லை. இப்போது, உடைந்த கதவைச் சரிசெய்து, கேப்டன் இருந்த அறையிலேயே அவனைப் பூட்டி வைத்திருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டாக்டர் கொடுக்கத்தானே வேண்டும்.

கப்பல் எங்கள் கையில் இருக்கிறது. போகிற இடம் மட்டும் அவன் சொன்ன இடம்தான். மாற்ற எரிபொருள் இல்லை. அங்கே ஆள் வரும் என்று காத்திருப்பார்கள்.

என் கடிதம் உனக்கு ஜூன் 15இல் கிடைத்திருக்கும். உன் கடிதத்தில் ஜூன் 23 என்று போட்டிருக்கிறது. நடுவில் எட்டு நாள். எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் எட்டு.

ஊழியர்களிடம் தேதியைப் படிக்கவில்லை. தூரம்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. இவர்கள் அண்ணன் தம்பி என்று இன்னும் யாரையாவது நம்பட்டும் என்று.

இனி எழுத வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 5

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். உன் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட முடியவில்லை. கைதிகளுக்கும் குடும்பக் கடிதம் எழுத அனுமதி உண்டு.

எட்டு நாள் அல்ல.

உன் முதல் கடிதம் எனக்கு ஏப்ரல் 13ஆம் தேதி காலையில் கிடைத்தது. பிரதிநிதி கப்பலைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். அன்று சாயங்காலம் பால் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். மீதிச் சில்லறை போதவில்லை என்று கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "என்னய்யா, பூமிக்கு மேலயும் வருவீரா?" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

கப்பலில் இருப்பவன் யார் என்று அந்த வரிசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு இழுத்துப் போக ஒரு தெரு நடந்தால் போதும். பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். "உங்கள் பிரதிநிதி உங்கள் பிரதிநிதிதானே" என்ற வரியை ஒரு திருத்தமும் இல்லாமல் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று இன்னொரு முறை படித்துக்கூடப் பார்த்தேன். உன் கணவர் எட்டு மணிக்குப் பணிக்கூடத்தில் தொப்பியில்லாமல் நிற்பதை நினைத்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். காதைப் பற்றிக் கேட்டது, தெரிந்துகொள்ள அல்ல. அப்படி எதுவும் இல்லை என்று நீ எழுதினால், எனக்குத் தெரியாது என்றே இருந்துவிடலாம் என்றுதான். ஜூன் 15க்குப் பிறகு வந்த எட்டு நாள் வேறு. அது வெறும் பயம். அதற்கு முன்னால் இருந்தது பயம் இல்லை.

ஏப்ரலில் பதினேழு, மேயில் முப்பத்தொன்று, ஜூனில் இருபத்துமூன்று. எழுபத்தோரு நாள்.

எட்டு என்பதை அவர்களிடம் மறைத்தாய். இதை மறைக்காதே. தூங்குகிறவர்கள் அங்கே விழித்து, இது எந்த இடம், ஏன் இங்கே வந்தோம் என்று கேட்பார்களே, அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. குழந்தைகளுக்கும் புரிகிற மாதிரி நிறுத்திப் படி. தேதியையும் சேர்த்து.

அண்ணன்